மூடியைக் கழற்றும் முன்



சர்வரில் ரேம் கூட்டுவது, ஹார்ட் டிஸ்க்கைப் பெரிதாக்குவது, பிராசசரையோ மதர்போர்டையோ மாற்றுவது என்று வேலை வரும்போது, தொழில் நடத்துகிறவர், கணக்கு எழுதுகிறவர், அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவர் ஆகிய மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவது அரிது. முதலாளி செலவுக்குக் கையெழுத்துப் போடுகிறார். கணக்கர் திங்கட்கிழமை காலை கணக்கு மென்பொருளான டாலி திறக்கிறதா என்று பார்க்கிறார். நடுவிலுள்ள ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கணினிக்காரரின் தலையில் விழுகிறது. இன்றைய பேச்சு அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களைப் பற்றியது. வேலை நல்லபடி முடியுமா, முடியாதா என்பது பெரும்பாலும் அந்த வாரங்களிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

தென்கொரியாவிலிருந்து தொடங்கலாம். 2025 செப்டம்பர் 26. டேஜான் நகரில் அந்நாட்டு அரசின் தேசியத் தகவல் வள மையம் இருக்கிறது. அதன் ஐந்தாம் மாடியில் சர்வர்களுக்கு அருகிலேயே யுபிஎஸ் பேட்டரிகளும் இருந்தன. லித்தியம் அயான் வகை, 2014-இல் தயாரானவை, பத்தாண்டு உத்தரவாதக் காலம் முடிந்தவை. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 2022 அக்டோபரில், பாங்யோவில் ஒரு டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்து, காக்காவ் நிறுவனத்தின் செய்தி அனுப்பும் சேவை நாடு முழுக்க நின்றுபோயிருந்தது. அந்தப் பாடத்தை மனத்தில் வைத்தே, பேட்டரிகளைச் சர்வர்களிடமிருந்து பிரித்து அடித்தளத்துக்கு இறக்க முடிவு செய்தார்கள். முடிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இறக்குகிற வேலை நடந்துகொண்டிருக்கும்போதே தீப்பற்றியது. 384 பேட்டரிகள் எரிந்தன. தீ முழுக்க அடங்க ஏறத்தாழ 22 மணி நேரம் ஆயிற்று. முதல் கணக்கின்படி 647 அரசுக் கணினி அமைப்புகள் நின்றன. பிறகு அந்த எண்ணிக்கை 709 என்று திருத்தப்பட்டது. அஞ்சலகச் சேவைகளும் கைப்பேசி அடையாள அட்டையும் முடங்கின.

நின்றவை பெரும்பாலும் மெல்ல மெல்ல மீண்டன. மீளாமல் போனது ஒன்று உண்டு. ‘ஜி-டிரைவ்’ என்ற பெயரில் அரசு ஊழியர்களுக்கென்று ஒரு கோப்புக் கிடங்கு 2018 முதல் நடந்துவந்தது. ஆளுக்கு 30 ஜிபி இடம். மொத்தம் 858 டெராபைட் கோப்புகள். அளவு மிகப் பெரியது என்பதைக் காரணமாகக் காட்டி, வேறு இடத்தில் அதற்கு நகல் வைக்கவில்லை. அத்தனையும் எரிந்துபோயிற்று.

858 டெராபைட் என்பது உண்மையில் எவ்வளவு? எல்டிஓ-9 வகைக் காந்த நாடா ஒன்றில், சுருக்காமல் எழுதினாலே 18 டெராபைட் அடங்கும். அப்படியானால் 48 நாடாக்கள். ஓர் அலமாரியின் ஒரு தட்டில் வைத்துவிடலாம். ஓர் அரசின் பல ஆண்டு உழைப்புக்கும் சாம்பலுக்கும் இடையே நின்றிருக்க வேண்டியது அந்த ஒரு தட்டுதான்.

பேட்டரியை இடம் மாற்றுவது சர்வரைத் தொடாத வேலை. பட்டியலில் அது ‘மின்பணி’ என்று இருந்திருக்கும். இதனால்தான், வன்பொருளைத் தொடும் வேலை எதுவானாலும், அது சர்வருக்கு வெளியே நடந்தாலும்கூட, முதல் கேள்வி ஒன்றாகவே இருக்க வேண்டும்: இது தோற்றுப்போனால் எந்த நிலைக்கு, எவ்வளவு நேரத்தில் திரும்பி வர முடியும்? இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொன்னால் போதாது. ஒருமுறை திரும்பி வந்து காட்டியிருக்க வேண்டும்.

வாய்ப்பதிலை நம்பினால் என்ன ஆகும் என்பதை டோக்கியோ பங்குச் சந்தை 2020 அக்டோபர் 1 அன்று கண்டது. அங்கே வர்த்தகத்தை நடத்தும் அமைப்பின் பெயர் ‘ஏரோஹெட்’. அதன் பொதுத் தகவல்களைத் தாங்கும் சேமிப்புக் கருவிகள் இரண்டு. ஒன்று பழுதானால் மற்றது தானாகப் பொறுப்பேற்கும் என்பது ஏற்பாடு. காலை 7 மணி 4 நிமிடத்துக்கு முதல் கருவியில் நினைவகம் பழுதானது. இரண்டாவது கருவி பொறுப்பேற்கவில்லை. 9 மணிக்குத் தொடங்க வேண்டிய வர்த்தகம் அன்று முழுவதும் நடக்கவில்லை. 1999-இல் அந்தச் சந்தை முழுக்கக் கணினிக்கு மாறியதிலிருந்து ஒரு நாள் முழுக்க நின்றது அதுவே முதல்முறை.

காரணத்தைத் தேடிப் போனபோது அது ஐந்தாண்டுகளுக்கு முந்தைய ஒரு புதுப்பித்தலில் போய் நின்றது. சேமிப்புக் கருவியை வழங்கியது ஃபுஜிட்சு. பழுது வந்தால் உடனே மாற வேண்டுமா என்று சொல்லும் ஓர் அமைவு கருவியில் உண்டு. அது ‘ஆஃப்’ என்று வைக்கப்பட்டிருந்தது. 2010-இல் நிறுவிய பழைய கருவியில் ‘ஆஃப்’ என்று இருந்தாலும் சில நொடிகள் கழித்து மாற்றம் நடந்துவிடும். 2015-இல் கருவிகளைப் புதுப்பித்தபோது அந்த நடத்தை மாறிவிட்டது. ‘ஆஃப்’ என்றால் மாறவே மாறாது. கையேடு மட்டும் பழைய விவரத்தையே சொல்லிக்கொண்டிருந்தது. கையேட்டைப் பார்த்துத்தான் அமைவை வைத்தார்கள். நினைவகம் பழுதாகும்போது உண்மையிலேயே மாறுகிறதா என்று சோதித்துப் பார்க்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் சந்தையின் தலைவர் கோய்ச்சிரோ மியாஹாரா பதவி விலகினார்.

இந்த நிகழ்வில் இன்னொரு பக்கமும் உண்டு. கருவியைக் கையால் மாற்றி, அன்றைக்கே வர்த்தகத்தைத் தொடங்கியிருக்கலாமே என்ற கேள்வி எழுந்தது. ஆனால் காலை 8 மணியிலிருந்தே தரகு நிறுவனங்களின் ஆணைகள் வரத் தொடங்கியிருந்தன. அமைப்பை நிறுத்தித் தொடங்கினால் அவையெல்லாம் அழிந்துவிடும். எல்லாரும் மறுபடி அனுப்ப வேண்டும். அதற்கான நடைமுறையை யாரும் முன்கூட்டிப் பேசி வைக்கவில்லை. ஆக இயந்திரம் ஒரு பக்கம், மனிதர்களுக்கிடையே இருக்க வேண்டிய உடன்பாடு மறுபக்கம் என்று இரண்டும் சேர்ந்தே அந்த நாளை விழுங்கின. சிறிய நிறுவனத்திலும் இதே நிலைமைதான். சர்வர் பாதி வழியில் நின்றுவிட்டால் திங்கட்கிழமை பில் எப்படிப் போடுவது, கையால் எழுதிய பில்லைப் பிறகு யார் ஏற்றுவது என்பதை வெள்ளிக்கிழமையே பேசி முடிக்க வேண்டும்.

சோதனையைப் பாதியளவில் நிறுத்தினாலும் இதே கதிதான். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியது. இரண்டு டேட்டா சென்டர்கள் இருந்தன. முழுச் சோதனை ஒன்றில் மட்டும் நடந்தது. மாற்றம் முடிந்ததும் ஏறத்தாழ 19 லட்சம் பேரால் தங்கள் கணக்குக்குள் போக முடியவில்லை. கட்டுப்பாட்டு அமைப்புகள் 2022 டிசம்பரில் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு.

இனி பேக்கப். இதைக் கேட்டதும் எல்லா அலுவலகத்திலும் வரும் பதில், “அது தினமும் ஓடுதுங்க.” ஓடுகிறது என்பது உண்மையாக இருக்கலாம். ஓடி முடித்து என்ன விட்டுவைத்திருக்கிறது என்பதைப் பார்த்தவர் யார்?

கிட்லேப் என்பது மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைச் சேர்த்துவைக்கும் நிறுவனம். கணினி தெரிந்தவர்களே கணினி தெரிந்தவர்களுக்காக நடத்துவது. 2017 ஜனவரி 31 இரவு அங்கே ஒரு பொறியாளர் துணைச் சர்வரில் இருந்த தரவை அழிக்கப்போய், முதன்மைச் சர்வரில் அந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் 300 ஜிபி அளவுள்ள தரவுத்தளத்தில் 4.5 ஜிபி மட்டுமே மிஞ்சியிருந்தது. பரவாயில்லை, பேக்கப் இருக்கிறது என்று போய்ப் பார்த்தார்கள். தினசரி பேக்கப் போய்ச் சேர வேண்டிய இடம் காலியாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்புக்கு மாறியிருக்க, பேக்கப் எடுக்கும் நிரல் 9.2 பதிப்புக்குரியதாக ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் பிழை காட்டி நின்றது. பிழை நேர்ந்தால் மின்னஞ்சல் வர வேண்டும். அந்த மின்னஞ்சல்கள் முறையான கையொப்பம் இல்லாததால் பெறும் இடத்தில் தள்ளுபடியாகிவிட்டன. வட்டின் நிழற்படம் (ஸ்னாப்ஷாட்) எடுக்கும் வசதியோ தரவுத்தளச் சர்வர்களுக்கு இயக்கப்படவே இல்லை.

கடைசியில் காப்பாற்றியது தற்செயல். வேறொரு சோதனைக்காக அதே பொறியாளர் ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்துவைத்த நிழற்படம் ஒன்று இருந்தது. அதை மெதுவான வட்டுகளிலிருந்து நகலெடுத்து மீட்க 18 மணி நேரம் ஆயிற்று. ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். அந்த நிறுவனத்தை ஒரு விஷயத்தில் பாராட்ட வேண்டும்: நடந்தது முழுவதையும் மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். அந்த நேர்மையால்தான் உலகம் முழுவதிலுமுள்ள கணினிப் பொறுப்பாளர்கள் தங்கள் பேக்கப் கோப்புறையை ஒருமுறை திறந்து பார்த்திருப்பார்கள்.

மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 விதி பலருக்குத் தெரியும். அதை வகுத்துச் சொன்னவர் பீட்டர் க்ரோ, தொழில்முறைப் புகைப்படக்காரர். எடுத்த படத்தை மறுபடி எடுக்க முடியாத தொழிலில் இருப்பவருக்கு அந்த அக்கறை வந்ததில் வியப்பில்லை. ஆனால் சர்வரைத் திறப்பதற்கு முந்தைய வாரத்தில் எண்ணிக்கை மட்டும் பார்த்தால் போதாது. நகலில் ஒன்றை வேறொரு கணினியில் மீட்டுப் பார்க்க வேண்டும். கணக்கரை அருகில் உட்காரவைத்து, மீண்ட நிறுவனத் தரவைத் திறந்து, கடைசி வவுச்சர் எண் சரியா, இருப்பாய்வு அசலோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். கணினிக்காரர் கோப்பின் அளவைப் பார்த்துத் திருப்தி அடைவார். கணக்கரின் கண்ணுக்குத்தான் குறை தெரியும்.

மீட்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு ஜிகாபிட் வலையமைப்பில் நடைமுறையில் நொடிக்கு ஏறத்தாழ 110 எம்பி நகரும். 2 டெராபைட் தரவு என்றால் 5 மணி நேரம். திங்கள் காலை 9 மணிக்குக் கடை திறக்க வேண்டும், மீட்ட பிறகு சரிபார்க்க 2 மணி நேரம் வேண்டும் என்றால், திங்கள் அதிகாலை 2 மணிக்கு மேல் புதிய வன்பொருளோடு மல்லுக்கட்டக் கூடாது. அந்த நேரம் வந்ததும், வேலை எவ்வளவு பக்கத்தில் இருப்பதாகத் தோன்றினாலும் நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டும். “இன்னும் பத்து நிமிஷம்” என்ற ஆசை எல்லா இரவிலும் வரும். ஆகையால் அந்த நேரத்தைக் காகிதத்தில் எழுதி, முதலாளியிடமும் முன்னதாகவே கையெழுத்து வாங்கிவைப்பது நல்லது. நள்ளிரவில் தனியாக இருக்கும் ஒருவர்மேல் அந்த முடிவைச் சுமத்துவது நியாயமும் இல்லை.

இந்தியச் சட்டமும் இதில் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது. கம்பெனிகள் தங்கள் கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டம். மின்னணு வடிவில் வைத்தால், இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் நாள்தோறும் பேக்கப் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. டிஸ்க் மாற்றும்போது இந்த ஆண்டுக் கணக்கை மட்டும் கவனித்து, பழைய ஆண்டுகளை விட்டுவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வரித்துறை நோட்டீஸ் வருவது பெரும்பாலும் அந்தப் பழைய ஆண்டுகளுக்குத்தான்.

அடுத்தது, பலரும் செய்யாமல் விடும் எளிய காரியம்: வன்பொருளைத் தொடுவதற்கு ஒரு வாரம் முன்பாக, எதையும் மாற்றாமல், சர்வரை ஒருமுறை முழுக்க அணைத்து ஏற்றிப் பார்ப்பது. ஆண்டுக்கணக்கில் நிற்காமல் ஓடும் சர்வர்கள் உண்டு. சுற்றிக்கொண்டே இருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க் நின்று குளிர்ந்தபின் மறுபடி சுற்றாமல் போகலாம். முதுமையடைந்த மின்வழங்கி மறுபடி உயிர்பெறாமல் போகலாம். யாரோ எப்போதோ மாற்றிய ஓர் அமைவு, அடுத்த தொடக்கத்தில்தான் தன் வேலையைக் காட்டும். இவையெல்லாம் மேம்படுத்தும் நாளன்று வெளிப்பட்டால், குற்றம் புதிதாகப் போட்ட ரேம் மேல் விழும். அதைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இரவு கழியும். முன்னதாக அணைத்து ஏற்றிப் பார்த்துவிட்டால் பழைய நோயும் புதிய நோயும் பிரிந்துவிடும். இதையும் முழு பேக்கப் எடுத்த பிறகுதான் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லிவைப்பது கடமை.

ஃபர்ம்வேர் என்ற உள்நிரலைப் பலரும் ‘ஓடுகிறதைத் தொடாதே’ என்ற பட்டியலில் வைத்துவிடுகிறார்கள். 2019 நவம்பரில் ஹெச்பிஇ நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதன் சர்வர்களில் பயன்படும் சில எஸ்எஸ்டி வட்டுகள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துப்போகும். வட்டும் மீளாது, தரவும் மீளாது. 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். 32,768 என்பது 2-இன் 15-ஆம் அடுக்கு. மணி நேரத்தை எண்ணும் கணக்கு தன் எல்லையை முட்டும் இடம். ஹெச்பிடி8 என்ற ஃபர்ம்வேரை முன்கூட்டியே ஏற்றிவிட்டால் ஆபத்தில்லை. 2020 மார்ச்சில் வேறு சில வட்டுகளுக்கு இதே போன்ற எச்சரிக்கை வந்தது. அவற்றின் ஆயுள் 40,000 மணி நேரம்.

இதில் உள்ள பயங்கரம், ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் மாட்டிய வட்டுகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சாகும் என்பதுதான். ரெய்ட் என்ற ஏற்பாடு முழுக்க நிற்பது, எல்லா வட்டும் ஒன்றாகப் பழுதாகாது என்ற நம்பிக்கையின்மேல். டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் ஆகிய மூவரும் பெர்க்லியிலிருந்து 1988-இல் ரெய்ட் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். விலை மலிவான சிறு வட்டுகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வது அவர்கள் காட்டிய வழி. அந்த வழி இன்றும் உறுதியாக நிற்கிறது. ஆனால் தவறுதலாக அழித்த கோப்பை அது எல்லா வட்டிலும் ஒழுங்காக அழிக்கும். வைரஸ் பூட்டிய கோப்பை எல்லா வட்டிலும் ஒழுங்காக எழுதும். வண்டியில் ஸ்டெப்னி இருக்கிறது, இன்சூரன்ஸ் வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. ரெய்ட் இருக்கிறது, பேக்கப் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வட்டைப் பெரிதாக்கும் வேலையில் ரெய்ட் தனிக் கவனம் கேட்கிறது. நான்கு சிறிய வட்டுகளை நான்கு பெரிய வட்டுகளாக மாற்ற, ஒவ்வொன்றாகக் கழற்றி, புதியதை மாட்டி, அது நிரம்பும்வரை காத்திருந்து, அடுத்ததற்குப் போவது வழக்கம். புதிய வட்டை நிரப்ப மீதி மூன்று பழைய வட்டுகளையும் ஆதி முதல் அந்தம் வரை படித்தாக வேண்டும். பல ஆண்டுகளாகத் தொடாத பகுதிகளும் அப்போதுதான் படிக்கப்படுகின்றன. மூலையில் ஒளிந்திருந்த பழுது அப்போது தலைகாட்டும். ரெய்ட்-5 என்றால் அந்த நேரத்தில் இரண்டாவது பழுதைத் தாங்க வலு இல்லை. தயாரிப்பாளர்கள் சராசரி ஆயுள் 10 லட்சம் மணி நேரம் என்று அச்சிடுவதைப் பார்த்து மயங்க வேண்டாம். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் ஏறத்தாழ ஒரு லட்சம் வட்டுகளின் பதிவுகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார்கள். அந்த 10 லட்சம் மணி நேரக் கணக்குப்படி ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றுகூடப் பழுதாகக் கூடாது. நடைமுறையில் ஆண்டுக்கு 2 முதல் 4 விழுக்காடு மாற்றப்படுவது சாதாரணமாக இருந்தது; சில இடங்களில் 13 விழுக்காடு வரை போயிருந்தது. ஆகவே மாற்றத் தொடங்குவதற்கு முந்தைய வாரம் பழைய வட்டுகள் அனைத்தையும் ரெய்ட் கட்டுப்படுத்தி வழியாக ஒருமுறை முழுக்கப் படிக்கவைத்து, குறை உள்ளதை முதலில் மாற்றுவது அறிவு.

ரேம் விஷயத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 ஊசிகளே. ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு, ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. ஆர்டிம், எல்ஆர்டிம் ஆகிய இரு வகையைக் கலந்து போட்டால் சர்வர் ஏறாது. வேகம் மாறுபட்டால் எல்லாம் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும். இரண்டு பிராசசர் இடமுள்ள மதர்போர்டில் ஒன்று மட்டும் இருந்தால், மற்றதன் பக்கத்து ரேம் துளைகள் வேலை செய்யாது. பிழை திருத்தும் இசிசி வகைக்கே செலவிட வேண்டும். கூகுளின் சர்வர்களை ஆராய்ந்து 2009-இல் வெளிவந்த ஆய்வில், ஓர் ஆண்டில் நூறு ரேம் பட்டைகளில் எட்டுக்கு மேல் ஏதேனும் பிழை காட்டின. புதிய ரேமை மாட்டியதும் நேரே வேலைக்கு அனுப்பாமல், நினைவகச் சோதனை நிரலை ஓர் இரவு ஓடவிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

உரிமம் என்பது கணினிக்காரரும் கணக்கரும் சேர்ந்து பார்க்க வேண்டிய இடம். விண்டோஸ் சர்வர் உரிமம் பிராசசரின் கோர் எண்ணிக்கைக்கு ஏற்ப வாங்குவது. ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர். 16 கோர் உள்ளதை எடுத்துவிட்டு 32 கோர் உள்ளதைப் போட்டால், வன்பொருள் விலைப்பட்டியலில் வராத ஒரு செலவு பின்னால் வரும். தரவுத்தள மென்பொருள்களிலும் கோர் கணக்கு உண்டு. அங்கே உரிமச் செலவு சர்வரின் விலையையே தாண்டிவிடக்கூடும். டாலியைப் பொறுத்தவரை, உரிமம் அந்தக் கணினியோடு கட்டப்பட்டது. வன்பொருளை மாற்றும் முன் உரிமத்தை ‘சரண்டர்’ செய்துவிட்டு, பிறகு புதிதாகச் செயல்படுத்த வேண்டும். இதை மறந்து மதர்போர்டை மாற்றிவிட்டுத் திங்கட்கிழமை காலையில் தவிக்கும் அலுவலகங்கள் உண்டு.

பூட்டிய வட்டின் திறவுகோலும் அதே போலத்தான். வட்டைப் பூட்டும் பிட்லாக்கர் போட்ட சர்வரில் பயாஸைப் புதுப்பித்தாலோ மதர்போர்டை மாற்றினாலோ, அடுத்த முறை ஏறும்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். வேலைக்கு முன் பிட்லாக்கரை நிறுத்திவைப்பது ஒன்று. அந்த எண்ணை வேறிடத்தில் எழுதி வைத்திருப்பது மற்றொன்று. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பழுதான புதுப்பிப்பால் உலகம் முழுக்க ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. அவற்றைக் கையால் மீட்கப் போனபோது இந்த மீட்பு எண் பலரின் வழியை மறித்தது. எண்கள் இருந்த சர்வரே விழுந்துகிடந்த இடங்களும் இருந்தன. காகிதத்தில் அச்சிட்டு உறையில் போட்டு இரும்பு அலமாரியில் வைப்பது பழைய முறை. இதற்கு அதைவிடச் சிறந்த முறை இன்னும் வரவில்லை.

வலையமைப்பு அட்டை மாறினால் அதன் மேக் முகவரி மாறும்; அந்த முகவரியை நம்பி இருக்கும் ஃபயர்வால் விதிகளும் ஐபி ஒதுக்கீடுகளும் அறுந்துபோகும். லினக்ஸ் சர்வரில் புதிதாக ஓர் அட்டை செருகினாலே பழைய அட்டையின் பெயர் மாறிவிடக்கூடும். சர்வர் ஓடும், ஆனால் யாராலும் அதைத் தொட முடியாது. எனவே கேபிள்களைக் கழற்றும் முன் சர்வரின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து, ஒவ்வொரு கேபிளுக்கும் சீட்டு ஒட்டி, அமைவுகளை அச்சிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காகிதம் சர்வர் அணைந்திருக்கும்போதும் படிக்கக் கிடைக்கும்.

நாள் குறிப்பதில் நம் நாட்டுக்கென்றும் நம் ஊருக்கென்றும் சில கணக்குகள் உண்டு. மாதம் 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11-இல் ஜிஎஸ்டிஆர்-1, 20-இல் ஜிஎஸ்டிஆர்-3பி, மாதக் கடைசியில் சம்பளம். இவற்றை ஒட்டிய வார இறுதிகளைத் தவிர்த்துப் பார்த்தால், 20-ஆம் தேதிக்குப் பிறகு சம்பள வேலை தொடங்குவதற்கு முன்பான ஒரு ஞாயிறுதான் மிஞ்சும். மின்வாரியம் அறிவிக்கும் பராமரிப்பு மின்தடை அந்த நாள்களில் உண்டா என்று பார்க்க வேண்டும். யுபிஎஸ் தாங்கும் நேரம் மேம்படுத்தும் வேலைக்குப் போதாது. ஆயுத பூஜை, பொங்கல் விடுமுறைகளில் சர்வர் வேலையை வைப்பது பலருக்குப் பிடிக்கும், அலுவலகம் காலியாக இருக்கும் என்பதால். ஆனால் ஒரு கேபிளோ ஒரு ஸ்க்ரூவோ குறைந்தால் கணினிச் சாமான் விற்கும் ரிச்சி தெருவிலும் கடை திறந்திருக்காது. நிறுவனத்தின் சர்வீஸ் ஆளும் ஊரில் இருக்க மாட்டார். அந்த நாளில்தான் செய்ய வேண்டும் என்றால் உதிரி எல்லாம் முன்னதாகவே மேசைக்கு வந்திருக்க வேண்டும்.

அன்றைக்கு ஒருவரைத் தனியாக விடக் கூடாது. ஒருவர் பட்டியலை உரக்கப் படிக்க, மற்றவர் செய்து முடித்து ‘ஆச்சு’ என்று சொல்ல, படித்தவர் நேரம் குறிக்க வேண்டும். கிட்லேப் பொறியாளர் களைப்போடு இரவு நேரத்தில் இரண்டு சர்வர்களுக்கு இடையே மாறி மாறி வேலை செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொரு கண் இருந்திருந்தால் திரையில் இருந்த சர்வரின் பெயரை அது படித்திருக்கும்.

கழற்றிய பழைய வட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. மார்கன் ஸ்டான்லி என்ற பெரும் நிதி நிறுவனம் தன் டேட்டா சென்டர்களில் ஓய்வுபெற்ற வட்டுகளையும் சர்வர்களையும் அப்புறப்படுத்தும் வேலையை, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு சாமான் இடமாற்ற நிறுவனத்திடம் கொடுத்தது. அவற்றில் சில, வாடிக்கையாளர் விவரங்கள் அப்படியே இருக்க, இணைய ஏல விற்பனைக்குப் போய்விட்டன. வேறொரு வன்பொருள் புதுப்பித்தலின்போது கிளை அலுவலகச் சர்வர்களில் 42 காணாமல் போயின. அந்தக் கருவிகளில் பூட்டும் வசதி இருந்தும் ஆண்டுக்கணக்கில் அதை இயக்காமலே விட்டிருந்தார்கள். ஏறத்தாழ 1.5 கோடி வாடிக்கையாளர்களின் தகவல் சம்பந்தப்பட்டது என்றது அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம். 2022 செப்டம்பரில் அது விதித்த அபராதம் 3.5 கோடி டாலர். அதற்கு முன் 2020 அக்டோபரில் வங்கிக் கட்டுப்பாட்டு அலுவலகம் விதித்தது 6 கோடி டாலர்.

இந்தியாவில் 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடுவதை 2022-இன் மின்கழிவு விதிகளும் ஏற்பதில்லை. ஆகவே புதிய சர்வர் ஓடத் தொடங்கியதும் பழைய வட்டுகளை உடனே அழிக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். ஒரு மாதக் கணக்கு முழுக்க முடிந்து, ஜிஎஸ்டி தாக்கலும் சம்பளமும் புதிய சர்வரிலிருந்து போய்ச் சேரும்வரை அவற்றை எழுதாமல், அழிக்காமல் பூட்டி வைக்க வேண்டும். திரும்பி வர வேண்டியிருந்தால் அதுதான் மிகக் குறுகிய வழி. அதற்குப் பிறகு ஒவ்வொரு வட்டையும் முறையாக அழித்து, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். அந்தச் சான்றில் உள்ள சீரியல் எண்களை, சர்வரைத் திறந்த அன்று எழுதிய பட்டியலோடு ஒப்பிட்டு, முதலாளியும் கணக்கரும் கணினிப் பொறுப்பாளரும் மூவருமே கையெழுத்திட்டால் வேலை முடிந்தது.